தற்காலிக எதிரி

அந்த அலுவலகத்தின் பெயர்ப் பலகையை ஒரே இடத்தில் நின்று படித்து முடித்தவர் எவரும் இல்லை. 'முதலீட்டுக்கு முந்தைய நவீனப் போர்க்கருவிகள் முன்மாதிரி உருவாக்கம் மற்றும்' என்பது வரைக்கும் பெரிய தெருவில் இருக்கும். மிச்சத்தைப் படிக்க வேண்டுமானால் மூலை திரும்பி அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். அங்கே 'சோதனை இயக்ககம்' என்று போட்டிருக்கும். பெரிய தெருக்காரர்களுக்கு அங்கே ஏதோ போர் சமாச்சாரம் என்று தெரியும், அதை என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. அடுத்த தெருக்காரர்களுக்கு எதையோ சோதிக்கிறார்கள் என்று தெரியும், எதை என்று தெரியாது. உள்ளே வேலை பார்த்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

நம்முடைய பெயிண்டர் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு விளம்பரத்தை நம்பி. முப்பது வருஷம் சுவரோடு வாழ்ந்த மனுஷர். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டதிலிருந்து, தரையில் நின்று செய்கிற வேலை எதுவோ அதை மட்டும் பார்த்தால் போதும் என்று மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். 'வெளிப்புறப் பணிக்கு ஆள் தேவை. வயது தடையில்லை. பொறுமை அவசியம்' என்று பேப்பரில் பார்த்ததும், அலுவலகத்தின் வெளிச்சுவருக்கு வர்ணம் அடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பிரஷ் எல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். பிரஷ்ஷை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். தரையில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள், படுத்தார். பிறகு மூவரில் மூத்தவர், இந்த நாட்டின் மேல் அவருக்கு ஏதாவது பகை உண்டா என்று கேட்டார்.

"பகையெல்லாம் இல்லீங்க. குழாய்ல தண்ணி ஒழுங்கா வர்றதில்ல, அவ்வளவுதான்" என்றார் பெயிண்டர்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் 'பகை: மிதமானது' என்று எழுதிக்கொண்டார். அரைமணி நேரத்தில் உத்தரவு கைக்கு வந்தது. பதவி: எதிரி (தற்காலிகம்), இரண்டாம் நிலை. முதல் நிலை எதிரி பதவி உயர்வில்தான் வரும் என்றும், அதற்கு இப்போதைக்கு ஆசைப்பட வேண்டாம் என்றும் குமாஸ்தா அன்பாகச் சொன்னார். பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே சொன்னால் சிறை என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? உத்தரவைப் படித்துக் காட்டினார். அவள் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல், "முப்பது வருஷமா எனக்கு இருந்தீங்க, இப்ப கவர்மென்ட்டுக்கா?" என்று கேட்டாள்.

இனி சொல்ல வேண்டியவன் ஒரே பையன் மட்டும்தான். அவன் ராணுவத்தில், எல்லையில் ஒரு மலைச்சரிவுக் காவல் சாவடியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பேசுவான். அவனிடம் அப்பா அரசாங்க ஆபீஸில் வெள்ளையடிக்கிறார் என்று சொல்லிவைத்தார்கள். அவன் பேச்சில் அம்மாவுக்குப் பிடித்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். "அஞ்சு பேரு இருக்கோம்மா, முறை வெச்சு முழிச்சுக்கறோம்." அந்த ஐந்து பேரை நம்பித்தான் அவள் அடுத்த ஞாயிறு வரைக்கும் சோறு சாப்பிட்டாள்.

சோதிக்க வேண்டிய கருவிக்கு 'அயராக்கண்' என்று பெயர். மூன்று கால் வைத்து, உச்சியில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி மாதிரி ஒரு தலை. எல்லையில் எதிரி ஊடுருவினால் சிவப்பு விளக்கு எரிந்து சங்கு ஊதும். ஆள் இல்லாவிட்டால் பச்சை விளக்கு, திரையில் 'அமைதி' என்று எழுத்து. அதைச் செய்தவர் ஒரு பொறியாளர் அம்மா. ஒல்லியாக, கையில் எந்நேரமும் ஒரு திருப்புளியோடு, யாரோ திட்டப் போகிறார்கள் என்கிற முகத்தோடு இருப்பார்.

முதல் நாள் இயக்குநர் எல்லோரையும் மைதானத்தில் நிற்க வைத்துப் பேசினார். நல்ல கணீர்க் குரல். பாவம், அதற்கு ஏற்ற விஷயம்தான் அவருக்குக் கிடைப்பதில்லை. "வாங்கிட்டு அழுததெல்லாம் அந்தக் காலம்" என்றார். "இப்ப முதல்ல ஒண்ணே ஒண்ணு செஞ்சு பார்க்கறோம். அதை ஐந்நூறு தடவை சோதிக்கறோம். ஐந்நூறும் வெற்றின்னு ஆன பிறகுதான் முதலீடு. ஒரு தோல்வி இருந்தாலும் வாங்க மாட்டோம். அதனாலதான் இங்க தோல்வியே நடக்கறதில்ல."

பெயிண்டருக்கு உடம்பு சிலிர்த்தது. நாட்டுக்காக ஒளிந்துகொள்ளப் போகிறோம் என்று நினைத்து, அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த புதர்க்காட்டில், வறண்டு கிடந்த வாய்க்காலில் போய்ப் படுத்தார். சொன்னபடி மெதுவாக ஊர்ந்து வந்தார். பச்சை. கல்குவியலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். பச்சை. எறும்பு கடிக்கிறது என்று எழுந்து நின்று வேட்டியை உதறினார். பச்சையேதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போய்விட்டு வந்தார்கள், எதிரி மட்டும் பட்டினி. சாயங்காலம் நாலே முக்காலுக்குக் குமாஸ்தா பொறுமையிழந்துபோய், "எதிரி, எங்கங்க இருக்கீங்க? கொஞ்சம் முன்னால வந்து நில்லுங்க, எனக்கு பஸ் போயிடும்" என்று கத்தினார். பெயிண்டர் கருவிக்கு நேர் எதிரே வந்து நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். மூன்றாவது ஆட்டத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சங்கு ஊதியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

குமாஸ்தா படிவத்தில் 'எதிரி கண்டுபிடிக்கப்பட்டார், நேரம் 4.50' என்று எழுதி, பெயிண்டரிடம் நீட்டினார். அடியில் 'மேற்படி நேரத்தில் நான் கண்டுபிடிக்கப்பட்டேன்' என்று அச்சடித்திருந்த இடத்தில் எதிரி கையெழுத்துப் போட வேண்டும்.

காலையிலிருந்து அது தன்னைப் பார்க்கவே இல்லையே, அதை எங்கே எழுதுவது என்று பெயிண்டர் கேட்டார். குமாஸ்தாவுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பழைய படிவத்தில் 'காணாதது' என்று ஒரு கட்டம் இருந்ததாம். அது நிரம்பிக்கொண்டே போனது, பார்க்கிறவர்களுக்கெல்லாம் மனசு கஷ்டமாக இருந்தது. ஒரு குழு போட்டு ஆராய்ந்து, அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது கண்டுபிடித்தால் அது சோதனை. கண்டுபிடிக்கும் வரைக்கும் நடப்பதெல்லாம் 'கற்றல்'. கற்றலுக்குக் கணக்கில்லை.

இப்படி ஒரு வாரம் போனது. ஒரு சோதனைக்கு ஒரு நாள் ஆனால் ஐந்நூறு எப்போது முடியும்? இயக்குநர் கூட்டம் போட்டார். பொறியாளர் அம்மா எழுந்து, கருவியில் ஒரே ஒரு கண்ணாடி வில்லையை மாற்றினால் போதும், பதினாலு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று மெல்லச் சொன்னார். கோப்பு ஏழு குழுக்களில் மூன்றாவதில் இருந்தது. கருவியில் ஒரு திருகாணியை மாற்றுவதென்றாலும் ஏழு கையெழுத்து வேண்டும். ஆனால் எதிரியை மாற்றுவதற்கு இயக்குநரின் ஒரு கையெழுத்துப் போதும், அது அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே எதிரியை மேம்படுத்துவது என்று முடிவாயிற்று.

முதலில் பெயிண்டருக்குச் சிவப்புச் சட்டை வந்தது. பிறகு அவர் ஊர்ந்து வரக் கூடாது, நிமிர்ந்து வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. புதருக்குள் வரும் எதிரியால் கருவியின் கவனம் சிதறுகிறது என்று, மைதானத்தில் ஒரு வெள்ளைக்கோடு போட்டு அதன் மேலேயே நடந்து வரச் சொன்னார்கள். கோட்டைப் போட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை, எதிரியே பெயிண்டர். மழையில் வரக் கூடாது. வெயில் கண்ணைக் குத்துகிற நேரத்தில் வரக் கூடாது. பத்தடி தூரத்தில் நின்று, கருவி தயாரா என்று பார்த்து, இரண்டு கையையும் தூக்க வேண்டும். தூக்கினபடியே சங்கு ஊதும் வரைக்கும் நிற்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்து 'எதிரி நடத்தைக் கையேடு' என்று புத்தகமே போட்டார்கள். ஒரு தடவை பெயிண்டருக்கு ஜுரம் வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். 'எதிரிக்கு உடல்நலமில்லை, ஊடுருவல் வியாழன் வரை ஒத்திவைக்கப்படுகிறது' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள்.

ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று பிடிபட ஆரம்பித்தார். வேறு ஊர் அதிகாரிகள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். 'எதிரியின் ஒத்துழைப்பு: ஒரு வெற்றிக்கதை' என்று இரண்டு நாள் பயிலரங்கம் நடந்தது, பெயிண்டரை மேடையில் உட்கார வைத்தார்கள். அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. சுவர் அடித்த காலத்தில் யார் அவரை மேடையேற்றினார்கள்? கையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கினால் சீக்கிரம் சங்கு ஊதும் என்பதை அவரே கண்டுபிடித்து, பயிலரங்கத்தில் எழுந்து செய்தும் காட்டினார்.

நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பதாவது வெற்றி ஒரு புதன்கிழமை காலையில் முடிந்தது. ஐந்நூறாவது அமைச்சர் முன்னிலையில் வெள்ளிக்கிழமை. வெற்றி என்பது நிச்சயம் என்பதால் கருவியை அனுப்பவேண்டிய பெட்டி முன்கூட்டியே வந்து இறங்கியிருந்தது. பெயிண்டர் சும்மாதானே இருக்கிறார் என்று, பெட்டியின் மேல் விலாசம் எழுதும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள்.

குமாஸ்தா சீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் கறுப்பு வர்ணத்தில் எழுதிக்கொண்டே வந்தார். காவல் சாவடி எண், முப்பத்தேழு. முப்பது வரைக்கும் கை தானாக எழுதிவிட்டது. ஏழு என்று போடும்போது பிரஷ் நின்றது. பையனின் கடிதத்துக்கெல்லாம் அவர் போடும் விலாசம் அது.

பொறியாளர் அம்மாவிடம் ஓடினார். அவர் திருப்புளியை மேஜையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கருவி போகிற சாவடியில் ஐந்து பேர் தேவையில்லை, ஒருவர் போதும். நாலு பேரை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மிச்சமாகிற ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்று கேட்டதற்கு, வயதில் சின்னவர் என்றார். ஐந்து பேரில் சின்னவன் பையன்தான். பெயிண்டர் நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் அவரை உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"உங்க பையனா? ரொம்ப சந்தோஷம். அப்பா சோதிச்ச மெஷின் மகனைக் காக்கப் போகுது. இதை வெள்ளிக்கிழமை உரையில சேர்த்துக்கறேன்."

"சார், அது என்னைப் பார்க்கவே பார்க்காது சார். நான் கையைத் தூக்கினாத்தான் பார்க்கும்."

"சரி. அங்க வர்ற எதிரி கையைத் தூக்க மாட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் இருக்கா?"

இயக்குநர் எழுந்து போய் அலமாரியிலிருந்து கட்டுக் கட்டாகப் படிவங்களை எடுத்து மேஜையில் வைத்தார். குரலில் கோபமே இல்லை. "தூக்குவான்றதுக்கு எங்ககிட்ட நானூத்தித் தொண்ணூத்தொம்போது ஆதாரம் இருக்கு. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. நான் யாரை நம்பறது, சொல்லுங்க? இவ்வளவு தடவை எழுதிக் கொடுத்த உங்களையா, இப்ப ஒரு தடவை வாயால சொல்ற உங்களையா?"

பெயிண்டர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். சாவடியின் போன் நம்பர் அவருக்குத் தெரியாது, எப்போதும் பையன்தான் கூப்பிடுவான். மலைக்குக் கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் பந்தல் போட்டு, சோபாக்கள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நடுச்சோபாவில் அமைச்சர். வெள்ளைக்கோட்டைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தார்கள், பெயிண்டர் அதைச் செய்தார். சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு புதர்ப் பக்கம் போனார். புதருக்குள் போனதும் சட்டையைக் கழற்றி ஒரு செடியில் தொங்கவிட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த, வர்ணமும் மண்ணும் ஏறின தன்னுடைய பழைய வேலைச்சட்டையோடு வாய்க்காலில் இறங்கிப் படுத்தார். கெட்டுப்போன முழங்காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்தார். வலி உயிர் போயிற்று. பையன் பெயரைச் சொல்லிச் சொல்லி ஊர்ந்தார். கருவியின் காலுக்கு ஒரு முழம் பக்கத்தில் தாண்டும்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பொறியாளர் அம்மா அவரை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பந்தலில் இயக்குநர் மைக்கைப் பிடித்து, இந்தக் கண்ணைத் தாண்டி ஒரு ஈ கூட வர முடியாது என்று முழங்கிக்கொண்டிருந்தார். அமைச்சருக்குப் பக்கத்துச் சோபா காலியாக இருந்தது. பெயிண்டர் அதில் ஏறி உட்கார்ந்தார். யாரோ கீழ்மட்ட அதிகாரி என்று நினைத்த அமைச்சர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பெயிண்டர் ஒன்றை எடுத்துக் கடித்தபடி, மூச்சு வாங்க, "சார், இவங்க பிடிக்க வேண்டிய ஆள் நான்தான். அந்தப் பக்கத்துலேர்ந்து வந்துட்டேன்" என்றார்.

பந்தலே பேயறைந்த மாதிரி ஆனது. மைக் கீச்சிட்டது. எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் எத்தனை வருஷமாக அதிகாரி! பத்து விநாடிதான் தடுமாறினார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இப்ப தாண்டி வந்தவர் எதிரி இல்லை" என்றார். "கையேட்டின்படி எதிரின்னா சிவப்புச் சட்டை போட்டிருக்கணும், கோட்டு மேல நடந்து வரணும். இவர் ரெண்டையும் செய்யலை. அந்த நிமிஷமே எதிரிங்கற தகுதியை இழந்துட்டார். வெறும் பொதுஜனம் ஆயிட்டார். நம்ம கருவி பொதுஜனத்தைத் தொந்தரவு செய்யலை, கவனிச்சீங்களா? வேறெந்த நாட்டுக் கருவியா இருந்தாலும் இந்நேரம் சங்கு ஊதியிருக்கும்."

அமைச்சர் அசந்துபோய்விட்டார். அப்பாவிக்கும் எதிரிக்கும் வித்தியாசம் தெரிகிற கருவியா என்று மூன்று தடவை கேட்டார். ஒரு சாவடிக்கு என்று வந்தவர், எல்லையிலிருக்கிற அத்தனை சாவடிக்கும் வாங்கிப் போடச் சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார். விதி விதிதான் என்பதால், மத்தியானம் மூன்று மணிக்குக் குமாஸ்தா சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கையைத் தூக்க, ஐந்நூறாவது வெற்றியும் முறைப்படி பதிவானது. பெயிண்டருக்கு, எதிரிக்குரிய ஒழுக்கம் தவறியதால் பணிநீக்கம் என்று உத்தரவு வந்தது. வெளியே வாயைத் திறந்தால் சிறை என்பதையும் நினைவுபடுத்தியிருந்தார்கள்.

அந்த ஞாயிறு பையன் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் போன் வந்தது. நல்ல உற்சாகத்தில் இருந்தான். மற்ற நாலு பேரும் கீழே போய்விட்டார்களாம். புது மெஷின் வந்திருக்கிறதாம். ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்களாம், மெஷின் பார்ப்பதற்கு முன்னால் மனுஷன் பார்த்துவிட்டால் பதிவு கெட்டுவிடுமாம். "முன்னெல்லாம் ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்க முடியாதுப்பா. இப்ப நல்லாத் தூங்கறேன்" என்றான். ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டிருந்த அம்மா, நல்லாத் தூங்கறானாம் என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

சாவடிப் போன்களை ஒட்டுக் கேட்பார்கள் என்று பெயிண்டருக்குத் தெரியும்.

"மெஷின் மேல ஒரு தகடு ஒட்டியிருக்குப்பா" என்று பையன் சொல்லிக்கொண்டே போனான். "பயிற்சி பெற்ற எதிரியை வெச்சு ஐந்நூறு சோதனை, ஐந்நூறும் வெற்றின்னு போட்டிருக்கு. ஐந்நூறு தடவையும் மாட்டியிருக்கான் பாரு, சரியான தத்தி போல."

"அது நான்தான்டா."

"என்னது?"

"அந்த ஆள் நான்தான். வெள்ளையடிக்கறேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். அது என்னை ஒரு தடவை கூடப் பிடிக்கல. நான்தான் அது முன்னால போய் நின்னு கையைத் தூக்கினேன். தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். இப்ப விளக்கு என்ன நிறம்?"

"பச்சைப்பா."

"பலகையைப் பேர்த்துட்டு வெளிய பாரு."

வெளியே பார்க்கக் கூடாதென்று உத்தரவு என்றான் பையன். அப்பா சொல்கிறேன் பார் என்றார் இவர். அப்படி அவர் அவனிடம் சின்ன வயசில் கூடப் பேசினதில்லை. ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பலகை கிரீச்சிட்டது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, புருஷனின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பையனின் குரல் வந்தது, மிகவும் தணிந்து.

"சரிவுல மூணு பேரு ஏறி வர்றாங்கப்பா. துப்பாக்கி இருக்கு. விளக்கு இன்னும் பச்சையாத்தான் இருக்கு."

லைன் அறுந்துபோனது. அன்றைக்கு முழுவதும் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பையன் பிழைத்தான். சாவடியில் மூலையில் கிடந்த பழைய எச்சரிக்கை மணியை எடுத்து அடித்து, கீழிருந்தவர்கள் ஓடி வருகிற வரைக்கும் தனியாகச் சமாளித்தான். தோளில் ஒரு காயத்தோடு போயிற்று. மூன்று பேரையும் பிடித்துவிட்டார்கள். பிடித்தவர்களைக் கயிறு கட்டிக் கருவிக்கு முன்னால் நிறுத்தி, துப்பாக்கியைக் காட்டிக் கையைத் தூக்கச் சொன்னதில், சிவப்பு விளக்கு எரிந்து சங்கும் ஊதிவிட்டது. இயக்ககத்தின் அந்த மாத அறிக்கையில் அது ஐந்நூற்று மூன்று வெற்றி என்று ஏறியது. இயக்குநருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மெஷினுக்கும் ஒன்று கொடுத்து, அதன் கழுத்தில் மாட்டினார்கள். பையனின் மேல் இரண்டு குற்றச்சாட்டு: அரசாங்கப் பலகையைச் சேதப்படுத்தியது, கருவிக்கு முன்பே எதிரியைக் கண்டது. வேலை போய் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அம்மாவுக்கு அது போதும். வந்தவனுக்கு வெந்நீர் வைத்தாள், தோளுக்கு மருந்து போட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள். போனில் வாயைத் திறந்த பெயிண்டரைப் பிடிக்க எந்நேரமும் ஆள் வரலாம். பையன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, எல்லையில் மொத்தம் நாற்பது சாவடி என்றும், மீதி முப்பத்தொன்பதுக்கும் போன வாரமே மெஷின் போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் சொன்னான்.

ஒவ்வொரு சாவடியிலும் ஒரு பையன். பலகை அடித்த ஜன்னல். பச்சை விளக்கு. நல்ல தூக்கம். சந்தோஷமாக இருந்த அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அந்தப் பிள்ளைங்களுக்கு யாருங்க சொல்லுவா?" என்று கேட்டாள்.

பெயிண்டர் எழுந்துபோய்ப் போனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சாவடிகளின் போன் நம்பரெல்லாம் பையனுக்கு மனப்பாடம். அவன் சொன்னான், இவர் அழுத்தினார். வெகுநேரம் மணி அடித்த பிறகு, தூக்கம் கலையாத ஓர் இளங்குரல் எடுத்தது.

"தம்பி, நான் எதிரி பேசறேன்" என்றார் பெயிண்டர். "கொஞ்சம் எழுந்து வெளிய பாருப்பா."